முந்தையதோடு ஏழு

அதை அக்காவுக்குக் காட்டியது நான்தான். அதுவும் சிரித்துக்கொண்டே காட்டினேன். பகல் பன்னிரண்டே கால் மணி. திரையைப் பார்த்து முதலில் அவரும் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்துபோனது. 

பிளைவுட் பலகைகளை ஒட்டும் பசை செய்கிற தொழிற்சாலை அது. பசை வேகும் பெரிய பாத்திரத்துக்கு அங்கே கெட்டில் என்று பெயர். பத்து டன் பிடிக்கும். கெட்டிலுக்கும் ஆபீசுக்கும் நடுவே, இரண்டு ஜன்னலும் ஒரு தொட்டியும் உள்ள சின்ன அறைதான் லேப். பதினேழு வருடமாக அந்த அறையில் இருந்தவர் அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த லாரி ஓட்டுநர்களும் அவரை லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குடுவை கழுவும் தற்காலிக வேலைக்கு இருபத்திரண்டு வயதில் வந்தவர். மூன்றாவது மாதம், சோதனை செய்கிறவர் வராத ஒருநாள், "நான் பாத்துக்கறேன் சார்" என்று கப்பைக் கையில் எடுத்தார். அதற்குப் பிறகு கீழே வைக்கவில்லை.

அந்தக் கப் என்பது அடியில் துளை போட்ட உலோகக் கிண்ணம். துளையை விரலால் அடைத்துக்கொண்டு பசையை விளிம்புவரை ஊற்ற வேண்டும். விரலை எடுக்கும்போது ஸ்டாப்வாட்சைத் தட்ட வேண்டும். பசை நூல்போல இறங்கும். அந்த நூல் முதல்முறை அறுபடும்போது மறுபடி தட்ட வேண்டும். இடையில் எத்தனை நொடியோ, அதுதான் பசையின் கெட்டி. கடைசி இரண்டு மணி நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை கெட்டிலிலிருந்து மாதிரி வரும். பதினெட்டு நொடியில் தொடங்கும். நாற்பதைத் தொட்டதும் காஸ்டிக் என்கிற காரத்தை ஊற்றிக் குளிரவைத்து நிறுத்திவிட வேண்டும். விட்டுவிட்டால் ஏறிக்கொண்டே போய் உள்ளேயே பாறையாகிவிடும். பத்து டன் பசையின் தலையெழுத்து ஒருவருடைய கண்ணிலும் விரலிலும் இருந்தது.

அக்காவின் ஆள்காட்டி விரல் நுனியில் மிளகளவு வட்டமாகத் தோல் காய்த்துப்போயிருக்கும். "இந்த விரலை வச்சா வருகைப் பதிவு மெஷினே என்னை யாருன்னு கேக்குது" என்பார்.

அவருடைய கணவருக்கும் அதே லேபில்தான் வேலை. காலை ஆறிலிருந்து இரண்டு வரை அக்கா, இரண்டிலிருந்து பத்து வரை அவர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று இருவரும் கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. மகளுக்குப் பதினான்கு வயதாகியும் ஏற்பாடு மாறவில்லை. அவர் வீடு திரும்பும்போது அக்கா தூங்கியிருப்பார். அக்கா கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். இரண்டு மணிக்கு லேபில் கைமாற்றிக்கொள்ளும் பத்து நிமிடம்தான் இருவரும் முழுசாக விழித்திருந்து பேசும் நேரம். "பதினாலு வருஷத்துல எங்களுக்குள்ள ஒரு சண்டை வந்ததில்ல. எங்க, அதுக்கு நேரம் வேணுமில்ல" என்று அக்கா சொல்லும்போது தொழிற்சாலையே சிரிக்கும்.

கணவருக்கு அங்கே நாப்பது என்று பட்டப்பெயர். அவர் ஷிஃப்டில் பசை எப்போதும் நாற்பதுக்கு ஒன்று கூட, ஒன்று குறைய என்று சொல்லிவைத்ததுபோல் வந்து நிற்குமாம். "மனுஷனுக்குக் கை ராசி. அக்கா ஷிஃப்ட்ல முப்பத்தாறும் வரும், நாப்பத்தஞ்சும் வரும். இவர் தொட்டா நாப்பதுதான்" என்று கெட்டில் ஆட்கள் என்னிடமே சொன்னார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். எனக்கும் எதுவும் உறைக்கவில்லை.

நான் அங்கே ஆறு மாத ஒப்பந்தத்தில் போனவள். கெட்டிலின் சூடு, கலக்கும் மோட்டார் இழுக்கும் மின்சாரம், பசையின் அமிலப் புளிப்பு, நீராவி அழுத்தம் எல்லாம் நொடிக்கு நொடி கணினியில் பதிவாகின்றன. அவற்றை வைத்தே பசை எத்தனை நொடிக்கு வந்திருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு சூத்திரம் வேண்டும் என்று மேலாளர் கேட்டிருந்தார். மாதிரி எடுத்து, லேபுக்குக் கொண்டுவந்து, சூட்டைச் சரிசெய்து, அளந்து சொல்வதற்குள் இருபது நிமிடம் போய்விடுகிறது. அதற்குள் பசை எங்கேயோ போய்விடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஆறு வருட லேப் அளவுகள் இருந்தன. எனக்கு மேசை போட இடமில்லாமல் லேபின் மூலையில்தான் உட்காரவைத்தார்கள். மறுநாளே அக்கா எனக்குக் கம்ப்யூட்டரு என்று பெயர் வைத்துவிட்டார்.

"அது என்ன பண்ணுது, ராத்திரி பகலா ஓடுது?" என்று ஒருநாள் கேட்டார்.

"வளர்க்குதுக்கா. முதல்ல ஆயிரம் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கிட்டு எழுதும். எல்லாமே உளறும். அதுல கொஞ்சம் குறைச்சலா உளறுறதை மட்டும் வச்சுக்கிட்டு, ரெண்டு ரெண்டா சேர்த்து, இதுல பாதி அதுல பாதின்னு புதுசு உண்டாக்கும். அங்கங்க ஒரு எண்ணை மாத்திப் பாக்கும். அது அடுத்த தலைமுறை. மறுபடி அதுல தேறினதை எடுக்கும். இப்படியே நூத்துக்கணக்கான தலைமுறை."

"ஆக, கல்யாணத் தரகு."

"அதேதான். நீளமா வளவளன்னு இருந்தா மார்க்கைக் குறைச்சிடும். சின்னதாவும் இருக்கணும், சரியாவும் சொல்லணும்."

"அப்படி ஒரு மாப்பிள்ளை எங்க கிடைக்கறான்" என்று அக்கா கப்பைக் கழுவப் போனார்.

இரண்டு மாதம் ஓட்டியும் பிழை ஐந்து நொடிக்குக் கீழே இறங்கவில்லை. கலைத்துப் பார்க்கலாம் என்று ஷிஃப்ட் வாரியாகப் பிரித்தேன். காலை ஷிஃப்டின் அளவுகளைத் தனியாகக் கொடுத்ததும் நானூறு தலைமுறையில் அழகான ஒரு சூத்திரம் வந்தது. மோட்டார் இழுப்பு, புளிப்பு, சூடு, முந்தைய அளவு எல்லாம் அதில் இருந்தன. பிழை இரண்டு நொடிதான். அக்காவிடம் விளக்கிச் சொன்னபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "மோட்டார் சத்தம் மாறினா பசை ஏறுதுன்னு நான் பத்து வருஷமா சொல்றேன். யாரு கேட்டா" என்றார். இரவு ஷிஃப்டுக்கும் கிட்டத்தட்ட அதே சூத்திரம்தான் வந்தது.

மதிய ஷிஃப்டில் முதலில் கடைசி இரண்டு வருட அளவுகளை மட்டும் ஓட்டினேன். பதினோராவது தலைமுறையிலேயே முடிந்துவிட்டது. சூத்திரத்தில் மோட்டார் இல்லை. புளிப்பு இல்லை. சூடு இல்லை. முந்தைய அளவோடு ஏழைக் கூட்டு. அவ்வளவுதான். பிழை ஒரு நொடிகூட இல்லை.

நான் எங்கேயோ தப்பாகத் தட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் வேடிக்கையாக இருந்தது. "அக்கா, இங்க வாங்க. உங்க வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குக் கம்ப்யூட்டரே வேணாம். முந்தினதோட ஏழைக் கூட்டினா போதுமாம்" என்றேன்.

"அவரு எதுலயுமே ஒழுங்கு. செருப்பைக்கூட ஸ்கேல் வச்ச மாதிரிதான் விடுவாரு" என்று சிரித்தபடி குனிந்து பார்த்தார். எண்களை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு வந்தார். பதினெட்டு, இருபத்தஞ்சு, முப்பத்திரண்டு, நாற்பது. பதினேழு, இருபத்துநாலு, முப்பத்திரண்டு, முப்பத்தொன்பது. விரல் நின்றது.

"பசை இப்படி ஏறாது" என்றார்.

விரலை மறுபடி முதல் எண்ணுக்குக் கொண்டுபோனார்.

"முதல்ல சோம்பலா ஏறும். கடைசி அரை மணியில ஓடும். ஒரு நாளாவது ஓடியிருக்கணும்ல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் விளங்கியது. இந்த எண்கள் கெட்டிலிலிருந்து வரவில்லை. ஒரு மனிதரின் தலைக்குள்ளிருந்து வந்தவை. கணினிக்கு அதெல்லாம் தெரியாது. எது சரியாகச் சொல்கிறதோ அதை வளர்த்தது. வளர்ந்து வந்து நின்றது பசையின் சூத்திரம் இல்லை, அவர் கணவரின் சூத்திரம்.

"எப்பருந்துன்னு பாக்க முடியுமா?"

மாதம் மாதமாக ஓட்டிப் பார்த்தேன். பழைய மூன்றரை வருடங்களில் அந்த ஏழு எடுபடவே இல்லை. மனிதர் ஒழுங்காக அளந்திருக்கிறார். இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு வாரத்தில் பிழை சடக்கென்று விழுந்தது. அதற்குப் பிறகு எழவே இல்லை.

அக்கா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அப்பதான் ஸ்கூட்டர் ஓட்டறதை விட்டாரு. முதுகு வலிக்குதுன்னாரு. நான் தைலம் வாங்கிக் குடுத்தேன்" என்றார்.  இடையில் ஒரு மாதிரி வந்தது. எழுந்து அளந்து எழுதிவிட்டு மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு மணிக்கு அவர் வந்தார். சட்டையை மடித்து விட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, எப்போதும் போலக் கேட்டார்: "என்ன நிலவரம்?"

"நாலாவது மாதிரி இப்பத்தான் வந்துச்சு. நீங்களே பாத்துடுங்க" என்று அக்கா கப்பை நீட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது நாலாவது இல்லை. புதுப் பேட்சின் முதல் மாதிரி. தண்ணீர் போல இருந்ததை நானே பார்த்தேன்.

அவர் அடியில் விரலை வைத்துக் கப்பை வாங்கிக்கொண்டார். விரலை எடுத்தார், வாட்சைத் தட்டினார். நூல் இறங்கியது. பதினெட்டாவது நொடி வாக்கில் அறுந்தது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று சொட்டு. பிறகு அதுவும் நின்றது. வெறும் கப்பைக் கண் முன்னே தூக்கிப் பிடித்தபடி அவர் கவனமாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.  வெகு நேரம் கழித்து வாட்சைத் தட்டினார்.

"முப்பத்தொம்பதரை" என்றார்.

அக்கா அவர் கையிலிருந்து கப்பை வாங்கி மேசைமேல் வைத்தார். "அது முதல் மாதிரி. பதினெட்டுல முடிஞ்சிருச்சு" என்றார். குரல் உயரவே இல்லை.

அவர் அப்படியே நின்றார். பொய் சொல்லவோ மழுப்பவோ பார்க்கவில்லை. நாற்காலியைக் கையால் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். அவர் தினமும் அப்படித் தடவித்தான் உட்கார்ந்திருப்பார். நாங்கள் யாரும் கவனித்ததில்லை.

"நேரா பாத்தா நடுவுல புகை மாதிரி இருக்கும். ஓரமா பாத்தா தெரியும். நடக்கறதுக்கு, சாப்பிடறதுக்கெல்லாம் போதும். இந்த நூலு மட்டும் தெரியல."

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கோம்."

"இருக்கோம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"நமக்கு இருக்கறது பத்து நிமிஷம்" என்றார் அவர். "அதுல கேஸ் சிலிண்டரு, ஸ்கூல் ஃபீஸு, பாப்பாவுக்குக் காய்ச்சல். இதை எங்க வைக்கறதுன்னு தெரியல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு போச்சு. கண்ணு போச்சுன்னா வேலையும் போச்சு. மாதிரியைக் கலக்குற குச்சியை விரல்ல தொட்டுப் பாப்பேன், ஓரளவு தெரியும். அப்புறம் வழக்கமா ஏறுற மாதிரி எழுதிடுவேன். கெட்டில்லருந்து போற பெரிய தொட்டியில எல்லா பேட்சும் கலந்துடுது. யாரும் ஒண்ணும் சொல்லல."

அக்கா அவர் எதிரில் போய் நின்றார். "என் முகம்?"

அவர் தலையை லேசாக ஒருபக்கம் திருப்பினார். "இப்படிப் பாத்தா தெரியுது" என்றார்.

நான் வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. அக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. ஆனால் அவருக்கு வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. 

"அந்தப் பாறையான பேட்ச்?"

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு மதிய ஷிஃப்டில் கெட்டிலுக்குள்ளேயே பசை கல்லாகிவிட்டது. எட்டு நாள் ஆட்கள் உள்ளே இறங்கி உளியால் கொத்தி எடுத்தார்கள். கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தவரை எல்லோரும் கெட்டில் அண்ணன் என்பார்கள். லேப் முப்பத்திரண்டு என்று சொன்னது, காத்திருந்தேன் என்றார் அவர். முப்பத்திரண்டிலிருந்து பாறைக்கு அரை மணியில் போகாது, நீ தூங்கிவிட்டாய், சூடு ஏறிவிட்டது என்று முடிவு கட்டி அவரைக் குடோனில் மூட்டை அடுக்கப் போட்டார்கள்.

கணவர் மேசைமேல் இருந்த கப்பைத் தடவித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "அன்னைக்குக் குச்சியில பசை கெட்டியாத்தான் இருந்துச்சு" என்றார். "எனக்கே சந்தேகம் வந்துச்சு. முந்தினது இருபத்தஞ்சு. அதனால முப்பத்திரண்டுன்னு எழுதிட்டேன்."

இண்டர்காமில் கெட்டில் ஆள் கூப்பிட்டு அளவு கேட்டார். அக்கா எழுந்துபோய், "பதினெட்டு" என்று சொல்லிவிட்டு வைத்தார். அன்று வீட்டுக்குப் போகவில்லை. கணவரின் ஷிஃப்டையும் அவரே செய்தார். மகளுக்குப் போன் போட்டு, "அப்பாவும் நானும் சேர்ந்து வர்றோம்" என்றார். மறுமுனையில் அந்தப் பெண், "என்னாச்சும்மா?" என்று பதறியது எனக்கே கேட்டது. அந்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வருவது அவ்வளவு விபரீதம்.

மறுநாள் காலை இருவரும் மேலாளர் அறைக்குப் போனார்கள். சூத்திரத்தைக் காட்டச் சொல்லி என்னையும் கூப்பிட்டார்கள். கணவரே எல்லாவற்றையும் சொன்னார். மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஆடிப்போய்விட்டார். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். இரண்டு வருடப் பசை எந்தெந்த வாடிக்கையாளருக்குப் போயிருக்கும் என்ற யோசனைதான் முதலில் ஓடியிருக்க வேண்டும்.

"நீங்க ரிப்போர்ட்ல, மதிய ஷிஃப்ட் டேட்டா சரியில்ல, அதனால சேர்த்துக்கலன்னு மட்டும் போட்டுட முடியுமா? இவரை நான் வேற எங்கயாவது உக்கார வச்சுக்கறேன்" என்று என்னைக் கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

"அப்ப குடோன்ல இருக்கறவரு?" என்றார் அக்கா.

மேலாளர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"எழுதும்மா கம்ப்யூட்டரு. என்ன வந்துச்சோ அதை எழுது" என்றார் அக்கா. கணவரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார். நான் எழுதினேன்.

குடோனுக்குப் போய்க் கெட்டில் அண்ணனிடம் தானே சொல்ல வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். கணவரை வர வேண்டாம் என்றார். தனியாகப் போகக் கால் வரவில்லை போலும், என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே பசைக்கான யூரியா மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கெட்டில் அண்ணன் ஐம்பது வயது மனிதர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து நின்று கேட்டார். அக்கா சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தார். கோபப்படுவார், கத்துவார், கையில் இருப்பதை விசிறி எறிவார் என்று நான் எதிர்பார்த்தேன்.

அவர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். "அப்போ நான் தூங்கலையா?" என்று கேட்டார்.

அக்காவுக்குப் புரியவில்லை.

"தூங்கிட்டேன்னு நானே எழுதிக் குடுத்தேன். முதல்ல இல்லன்னுதான் சொன்னேன். எல்லாரும் சொல்லச் சொல்ல, ஒருவேளை கண்ணசந்துட்டேனோன்னு தோணிருச்சு. வீட்டுலயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். என் பையன் கேட்டப்பகூட ஆமா தூங்கிட்டேன்னு சொன்னேன்." துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அந்த அரை மணி நேரத்தை ஒன்றரை வருஷமா தேடிக்கிட்டு இருக்கேன். எங்க தூங்கினேன், எப்ப முழிச்சேன்னு."

அக்கா அந்த இடத்தில்தான் உடைந்தார். மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். அவர் ஆறுதலும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நாங்கள் வெளியே வந்தோம்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. கெட்டில் அண்ணனைப் பழைய இடத்துக்கே எடுத்துக்கொண்டார்கள். அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை அவர் முன்னாலேயே கிழித்தார்களாம். அக்காவின் கணவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவரும் எதிர்த்துப் பேசவில்லை. கண் மருத்துவர், சர்க்கரை நோய் விழித்திரையைப் பல வருடமாக அரித்திருக்கிறது என்றார். சர்க்கரை இருப்பதே அன்றுதான் அவர்களுக்குத் தெரியும். வலது கண்ணுக்கு இனி செய்ய ஒன்றும் இல்லை. இடது கண்ணுக்கு ஊசி போட்டு, லேசர் வைத்து, இருப்பதைக் காப்பாற்றினார்கள். இரண்டு வருடம் முன்னால் வந்திருக்கலாமே என்று மருத்துவர் கேட்டதாகவும், கணவரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்ததாகவும் அக்கா சொன்னார்.

நான் மதிய ஷிஃப்டின் கெட்டுப்போன பகுதியை விலக்கிவிட்டு மறுபடி வளர்த்தேன். அறுநூறாவது தலைமுறையில் வந்த சூத்திரம்தான் இப்போது கெட்டில் பக்கத்துத் திரையில் ஓடுகிறது. பசை ஓட ஆரம்பிப்பதற்கு இருபது நிமிடம் முன்பே சொல்லிவிடுகிறது. நல்ல வேலை என்று எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு அந்தப் பாராட்டை எந்த முகத்தோடு வாங்குவது என்று தெரியவில்லை. என் ஒப்பந்தம் முடிந்து வந்துவிட்டேன்.

போன வாரம் அக்காவைப் போனில் கூப்பிட்டேன். நலம் விசாரித்த பிறகு அவராகவே சொன்னார். கெட்டில் அண்ணனை நேரில் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கணவர் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா கூட்டிப்போயிருக்கிறார். அந்த வீட்டம்மா கதவைப் பாதி திறந்து, அவர் வெளியே போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்று சொல்லியிருக்கிறார்.

"அண்ணனோட வேலைக்குப் போற பூட்ஸு வாசல்லயே இருந்துச்சு. உள்ள அவர் இருமுற சத்தமும் கேட்டுச்சு. இவருக்குப் பூட்ஸு தெரியல. இருமல் யாரோடதுன்னும் தெரியல. சரிம்மா, இன்னொரு நாள் வர்றோம்னு கும்பிட்டுட்டு இறங்கிட்டாரு."

"நீங்க சொல்லலையாக்கா?"

"சொல்லல. திரும்பற வழியெல்லாம், அடுத்த தடவை அண்ணனைப் பாத்தா என்ன பேசறதுன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டே வந்தாரு."